தாய்வீட்டில் பிள்ளை பெற்ற குற்றம்

பெயர்: சுலைகா பீவி. கணவர் பெயர்: ஜெயினுலாப்தீன். வயது: 46. தொழில்: கணவரின் தோல்பை தைக்கும் பட்டறையில் கூடமாட வேலை. விலாசம்: அறை எண் 14, மஸ்ஜித் சந்து சால், தாராவி, மும்பை.

மேற்படி விலாசத்தில் நான் கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து குடியிருக்கிறேன். எனக்கு இந்தி பேசத் தெரியும், எழுதத் தெரியாது. ஆகவே இந்த ஸ்டேஷனில் தமிழ் தெரிந்த பெண் காவலர் முருகம்மாள் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறார். என் விலாசத்துக்கு இங்கே யாரும் ஆதாரம் கேட்கவில்லை. வாயால் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். குற்றவாளி என்றால் அவ்வளவு போதுமாம். இதையும் எழுதச் சொன்னேன், எழுதியிருக்கிறார்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் சஃப்ரீன், லேப் டெக்னீசியன் படித்தவள், அரசு ஆஸ்பத்திரி வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறிவிட்டாள். நாளை மதியம் சான்றிதழ் சரிபார்ப்பு. மகாராஷ்டிராவில் குடியிருப்பவள் என்று சொல்லும் டொமிசைல் சான்று ஒன்றுதான் கையில் இல்லை. அது இல்லாமல் போனால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டு வேலையைக் கொடுத்துவிடுவார்கள். இளையவன் பைசான் போன வருடம் காலேஜில் சேர்ந்தபோது இதே சான்று இங்குள்ள தாசில்தார் அலுவலகத்தில் கேட்டவுடன் கிடைத்தது. அதே வீடு, அதே ரேஷன் கார்டு, அதே தகப்பன். ஆனால் பைசான் இங்கே சயான் ஆஸ்பத்திரியில் பிறந்தான், சஃப்ரீன் திருநெல்வேலி மேலப்பாளையத்தில், என் தாய்வீட்டில் பிறந்தாள்.

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். எங்கள் சாலில், அதாவது இந்த வரிசை வீடுகளில், மூத்த பிள்ளைகள் அநேகமாக எல்லோரும் திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவர்கள், இளையவர்கள் பம்பாயில் பிறந்தவர்கள். நானும் பிள்ளை பெற்று நாற்பது நாள் கழிந்ததும் கைக்குழந்தையோடு ரயில் ஏறித் திரும்பி வந்துவிட்டேன். அதன் பிறகு சஃப்ரீன் தவழ்ந்தது, நடந்தது, படித்தது எல்லாம் தாராவியில்தான். மேலப்பாளையத்தில் அவளைத் தனியாக விட்டால் பஸ் ஸ்டாண்டுக்கு வழி தெரியாது.

போன மாதம் நானும் மகளும் மனுவோடு மேற்படி அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலுக்குப் போனோம். அங்கே இருந்த கிளார்க் பள்ளிக்கூடச் சான்றில் பிறந்த இடம் என்ற வரியில் விரலை வைத்து, அதற்குக் கீழே எதையும் படிக்காமல், தமிழ்நாட்டில் பிறந்தவள் அங்கே போய் வாங்கட்டும் என்றார். நான் வழக்கத்தைச் சொன்னேன். அதற்கு அவர், பிள்ளை பெற அங்கே ஏன் போனீர்கள், பம்பாயில் ஆஸ்பத்திரி இல்லையா என்று இந்தியில் கேட்டார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெறுவதற்கு முன் இந்த மகானிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டது என் தப்புதான். நான் வாயைத் திறப்பதற்குள் சஃப்ரீன் என் கையைப் பிடித்து, "சண்ட போடாதீய உம்மா, எனக்கு வேல வேணும்" என்றாள். ஆகவே மனுவை மட்டும் ஜன்னலுக்குள் நீட்டினேன்.

அதன் பிறகு அவர், அந்த ஊரில் இந்தப் பெண் குடியிருக்கவில்லை என்று அங்கிருந்து ஒரு தாள் வாங்கி வரச் சொன்னார். நான் ஊரில் இருக்கும் என் தம்பியை அனுப்பினேன். ஒருவர் இங்கே இருக்கிறார் என்றால் தாள் கொடுக்கலாம், இல்லாத ஆளுக்கு என்ன தாள் கொடுப்பது என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். அங்கேயாவது ஒரு புத்திசாலி உட்கார்ந்திருக்கிறார். இதை வந்து சொன்னதும் கிளார்க், அப்படியானால் பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேரும் வரை இங்கே இருந்ததற்குச் சாட்சி வேண்டும் என்றார். பக்கத்து அறை நூர் நிஷாவைக் கூட்டிப் போனேன். அவள் சஃப்ரீனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கிளார்க் அவளிடம், நீ இங்கே குடியிருப்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். வெளியே வந்ததும் நூர் நிஷா, "இவன்ட்டப் போயி மனுசன்ட்ட பேசுத மாதிரி பேசுதீயளே மதினி" என்றாள். அதன் பிறகு போன நாள்களில் எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தது இரண்டே வார்த்தை: "கல் ஆனா." நாளை வா என்று அர்த்தம். பெரிய அதிகாரி மீட்டிங்கில் இருக்கிறார், அவர் கையெழுத்து இல்லாமல் ஆகாது என்பார்கள். அப்படி என்ன மீட்டிங்கோ, முடிந்து நான் பார்க்கவில்லை.

இன்று என் கணவர் சரக்கு கொடுக்க அம்பர்நாத் போயிருந்தார். பட்டறைக்கு வாங்கிய புதுப் பூட்டு சாவியோடு என் பையில் இருந்தது. காலையிலிருந்து வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தபோது சாப்பாட்டு நேரம் என்று ஜன்னல் கதவை அரைவாசி சாத்தினார்கள். சஃப்ரீனைக் கீழே ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டு நான் இடுக்கு வழியாக உள்ளே பார்த்தேன். கிளார்க் டிபன் டப்பாவைத் திறந்து வைத்து, மொபைலில் ஏதோ பார்த்துச் சிரித்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டப்பாவுக்கு அடியில் என் மகளின் மனு இருந்தது. அவள் போட்டோவின் முகத்தில் பாதி வரை எண்ணெய் ஊறியிருந்தது. அந்தப் போட்டோவுக்காக அவள் தலையை மூன்று தடவை வாரிக்கொண்டாள். எனக்கு அருவருப்பாக இருந்தது.

அதன் பிறகு நான் அந்த அறையின் இரும்புக் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, பட்டறைப் பூட்டைப் போட்டுப் பூட்டினேன். யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. எதிரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். வரிசையில் இருந்த ஒருவர் எனக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார். கிளார்க் முதலில் சிரித்தார், பிறகு மிரட்டினார், அதன் பிறகு கழிப்பறை வெளியே இருக்கிறது, அவசரம் என்றார். நான் "கல் ஆனா" என்றேன்.

சற்று நேரத்தில் பெரிய அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். ஒரு மாதமாகக் கிடைக்காத முகதரிசனம் ஒரு பூட்டில் கிடைத்தது. அவர் என்னை "பெஹன்ஜி", அதாவது சகோதரி, என்று கூப்பிட்டு, சாவியைக் கொடுங்கள், ஐந்து நிமிடத்தில் நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். படித்தவர், வயதானவர், நம்பினேன். சாவியைக் கொடுத்தேன். கதவு திறந்ததும் கிளார்க் கழிப்பறைக்கு ஓடினார், அதிகாரி போலீசுக்குப் போன் செய்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். மனு டப்பாவுக்கு அடியிலேயே கிடந்தது.

புகாரில் என் மகள் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். அவள் கீழே ஜெராக்ஸ் கடையில் இருந்தாள், மேலே வந்தது போலீஸ் வந்த பிறகுதான். கடைக்காரரைக் கேட்டால் சொல்வார். பூட்டு என்னுடையது, பூட்டிய கை என்னுடையது. என் மேல் என்ன கேஸ் வேண்டுமானாலும் போடுங்கள். அவள் பெயர் ஒரு கேஸில் வந்தால் எந்த அரசு வேலையும் அவளுக்குக் கிடைக்காது.

இப்போது இங்குள்ள சப் இன்ஸ்பெக்டர் அந்த அதிகாரியுடன் போனில் பேசிவிட்டுச் சொல்கிறார்: நான் மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தால் இரண்டு பேர் மேலும் புகாரை விட்டுவிடுவார்களாம், நாளைக் காலை அலுவலகம் திறந்ததும் சான்றும் கொடுத்துவிடுவார்களாம். முறைப்படி தர முடியாது என்றார்களே, ராத்திரியோடு ராத்திரியாக முறை மாறிவிடுமா என்று கேட்டேன். சஃப்ரீன் வாசல் பக்கம் நிற்கிறாள். அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் வாழ்நாளில் நான் இப்படிப்பட்டவர்களிடம் தலை குனிந்ததில்லை. அவளுக்காகக் குனிகிறேன். கிளார்க்கை அடைத்து வைத்தது தப்பு, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

நான் சொன்னதை முருகம்மாள் எனக்குப் படித்துக் காட்டினார். கூடுதல் குறைச்சல் இல்லை, நடந்தது இதுதான். கையெழுத்துப் போட்டால் இப்போதே வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். "எக்கா, போட்டுட்டுப் போங்க, நானும் வீட்டுக்குப் போணும்" என்று முருகம்மாளும் சொல்கிறார். சாவியை முதலில் கொடுத்து ஒரு தடவை ஏமாந்தேன். நாளை அந்தச் சான்று என் மகள் கைக்கு வந்து, அவள் எனக்குப் போன் செய்து சொன்ன பிறகு கையெழுத்துப் போடுகிறேன். அது வரை இந்த பெஞ்சிலேயே இருக்கிறேன்.

எழுதிக்கொண்டவர்: முருகம்மாள், பெண் காவலர்.

வாக்குமூலம் அளித்தவர் கையெழுத்து: நிலுவையில்.