குடுக்கையின் கதகதப்பு

— நீட்டாதே! அதை எங்கிட்ட நீட்டாதேன்னு சொல்றேன்ல? குமட்டுது எனக்கு!

— மெதுவாப் பேசு குய்ஜென். உள்ள இருக்கிறவன் மிரண்டுடுவான்.

— மிரண்டுடுவானாம்! கட்டிக்கிட்டு வந்த நாளா நான் மிரண்டு நின்னதை ஒரு தடவை கவனிச்சிருப்பியா நீ? ஒரு வெட்டுக்கிளிக்கு வந்துட்டான் பரிஞ்சுக்கிட்டு.

— விளையாடாதே. கீழ நம்ம பொண்ணு வண்டியை ஓடவிட்டுக்கிட்டு நிக்கிறா. ஆஸ்பத்திரிக்குள்ள இவனை விடமாட்டாங்க. போன தடவை அந்த நர்ஸ் கோட்டைக் கழட்டச் சொன்னப்ப, இவன் உள்ளேருந்து ஒரு சத்தம் கொடுத்தான் பாரு...

— அந்த நர்ஸ் கையில இருந்த தட்டைப் போட்டுட்டு அலறிக்கிட்டு ஓடுச்சு. எனக்கு மானமே போச்சு. அதை விடு, எங்க அண்ணன் சாவுல? அத்தனை பேரும் தலை குனிஞ்சு நிக்கிறோம், ஈ காக்கா சத்தம் இல்ல. உன் நெஞ்சுக்குள்ளேருந்து 'கிர்ர்ர், கிர்ர்ர்'னு! அண்ணி என்னைப் பாத்த பார்வை இருக்கே, இன்னும் உறுத்துது.

— உங்க அண்ணன் எழுந்து உக்காந்திருந்தா ரசிச்சிருப்பான்.

— செருப்பைக் கழட்டியிருப்பான்! இந்தக் கிழம் எங்க போனாலும் கோட்டுக்குள்ள ஒரு சுரைக்குடுக்கை, அதுக்குள்ள ஒரு பூச்சி. ஊர்ல எவனெவனோ நாய் வளக்குறான், பூனை வளக்குறான்.

— பூனையைக் குளிர்ல விட்டாலும் எங்கயாவது ஒண்டிப் பிழைச்சுக்கும். இவனுக்கு என்னை விட்டா யாரு இருக்கா? வெளியில ஏரி பாறை மாதிரி உறைஞ்சு கிடக்கு. ஒரு மனுசன் நெஞ்சுச் சூடு இல்லேன்னா ஒரு ராத்திரி தாங்கமாட்டான்.

— எங்கிட்ட ஏன் சொல்றே? பொண்ணுகிட்ட கொடு.

— அவ கண்டிப்பா மறந்துடுவா, எங்கயாவது வச்சுட்டுப் போயிடுவா. நீ ஒருத்திதான். இங்க பாரு, சொல்றதைக் காது கொடுத்துக் கேளு. ஹீட்டர் மேல வைக்கக் கூடாது. கதகதன்னு இருக்கும்னு நினைச்சு வைப்பே, ராத்திரியோட ராத்திரியா வறட்டிப் போட்டுடும். ஜன்னல் பக்கம் வைக்கக் கூடாது. வெறும் போர்வைக்குள்ள சுருட்டி வச்சும் பிரயோசனம் இல்ல. போர்வைக்கு ஏது சொந்தச் சூடு?

— ஐயோ, பாடம் எடுக்கிறான்யா.

— கடைக்குப் போயிட்டு வந்த உடனே மூடியைத் திறக்காதே, குளிர்காத்து குப்புனு அடிக்கும். காரட் ஒரு துண்டு, ஊற வச்ச சோயா ஒண்ணு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் புழு ஒண்ணு. தலையைக் கிள்ளிட்டுக் கொடு, இல்லேன்னா அது இவனைக் கடிச்சு வைக்கும்.

— கருமம், கருமம்! கிள்ளின அந்த நகத்தோட நீ ரொட்டியைப் பிச்சுத் திம்பே. எதுத்தாப்ல உக்காந்து நான் முழுங்கணும். ஃபிரிட்ஜைத் திறந்தா ஊறுகாய் முட்டைக்கோஸ் பக்கத்துல டப்பா டப்பாவாப் புழு நெளியுது. உன் பனியனைத் துவைக்கப் போட்டா மடிப்புல கறுப்புக் கறுப்பா அதோட புழுக்கை. ஒரு நாள் மாவுல கிடந்துச்சு. நான் எள்ளுன்னு நினைச்சுப் பிசைஞ்சுட்டேன்!

— அதுக்கப்புறம் என்ன செஞ்சே?

— என்ன செஞ்சேனா? உனக்குத்தான் போட்டேன். நல்லா இருக்குன்னு இன்னொண்ணு கேட்டே.

— அட பாவி! சரி, போகட்டும். முக்கியமான விசயம் ஒண்ணு. நீ முதுகுக்குத் தேய்க்கிற தைலம் இருக்குல்ல, அந்த நெடி பட்டாலே இவன் காலி. டீக்கடைக்கு வர்ற மா கிழவன் இருக்கான்ல, அவன் வீட்ல அப்படித்தான் ஆச்சு. மருமக தைலம் தேய்ச்ச கையோட குடுக்கையைத் தொட்டா. காலையில பாத்தா காலை நீட்டிட்டுக் கிடக்குது. அதனால நான் வர்ற வரைக்கும் தைலத்தைத் தொடாதே.

— என் முதுகு ஒடிஞ்சாலும் பரவாயில்ல, உன் பூச்சிக்கு நெடி அடிக்கக் கூடாது. அப்படித்தானே?

— தெரியும்டி, குளிர்காலம் வந்தா உனக்கு முதுகு பிடிச்சுக்கும். ஆனா கொஞ்ச நாள்தானே? டீக்கடையில பூச்சி வளக்குறவன் ஒருத்தன் வீட்லயும் இப்ப சத்தம் கிடையாது. மா கிழவனோடது போச்சு, மீசைக்காரனோடது அதுக்கு முன்னாடியே போச்சு. என்னுது மட்டும் விடியக்காலையில ராஜா மாதிரி கூவுது. எல்லாரும் கேக்குறான், 'என்னய்யா குவான், என்ன சூட்சுமம்?'னு. நெஞ்சைத் தட்டிச் சொன்னேன், 'பட்டறை உலை மாதிரி உடம்புய்யா எனக்கு'ன்னு.

— த்தூ. உலையாம்! ராத்திரி உன் கால் மேல பட்டா செத்த மீன் பட்ட மாதிரி இருக்கு. கால்ல ரத்தக்குழாய் அடைச்சுக்கிட்டு ஆபரேஷனுக்குப் போறவன் பேசுற பேச்சைப் பாரு.

— கால் சில்லுன்னு இருக்கலாம். நெஞ்சு? காலையில கண்ணு முழிச்சதும் குடுக்கையைத் தொட்டுப் பாப்பேன். அப்ப எடுத்த அவிச்ச முட்டை மாதிரி கதகதன்னு இருக்கும். பொய்யா சொல்றேன்?

— வண்டி ஹாரன் அடிக்குது. கிளம்பு.

— குய்ஜென்... ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது.

— சிரிக்கிற மாதிரியா இருக்கு உன் மூஞ்சி?

— வருசப் பிறப்பு வரப்போகுது. நான் அங்க மயக்கத்துல கிடப்பேன். பட்டாசு வெடிக்கிறப்ப இவன் இங்க கூவணும். இவன் தாண்டிட்டான்னா நானும் தாண்டிடுவேன்னு மனசுல ஒண்ணு விழுந்துடுச்சு. பைத்தியக்காரத்தனம்தான். டாக்டர் என்னென்னமோ சொன்னாரு, எனக்கு எதுவும் ஏறல. பயமா இருக்கு.

— ச்சீ! வாயை மூடு. கிளம்புற நேரத்துல என்ன பேச்சு இது? எழவெடுத்த பூச்சிக்கும் உனக்கும் என்ன முடிச்சு? கொடு அதை. கொடுங்கிறேன்ல!

— ரெண்டு கையாலயும் வாங்கு. சட்டைக்குள்ள, உள்பக்கமா... அட, பழக்கப்பட்டவ மாதிரி வச்சுக்கிட்டே! கொஞ்சம் இரு. கிட்ட வா.

— எதுக்கு? மோந்து பாக்குறே நாய் மாதிரி!

— உன் மேல தைல நெடியே இல்லையே.

— குளிச்சேன்.

— இந்தக் குளிர்லயா? அந்தப் பாட்டில் எங்க? இதோ, ஜன்னல் மேல... என்னடி, மூடியில ஒட்டின காகிதம்கூடக் கிழிக்காம இருக்கு? தூசி படிஞ்சு கிடக்கு. வருசத்துலயே ராத்திரி நீளமான நாள்னு கொழுக்கட்டை திங்கிறோமே, அன்னைக்கு நான் வாங்கிட்டு வந்தது இது. அன்னைக்கிலேருந்து ராத்திரியெல்லாம் முனகிக்கிட்டுக் கிடந்தியே!

— முதுகு வலிச்சா முனகாம பாட்டா பாடுவாங்க?

— ஏன் தேய்க்கல?

— தேய்க்கல, அவ்வளவுதான்! போயேன்.

— குய்ஜென்.

— மா கிழவனோடது செத்தப்பவே நீதானே சொன்னே, நெடி பட்டா செத்துடும்னு. நீ பாட்டில் வாங்கிட்டு வந்த அன்னைக்கு ராத்திரி யதேச்சையா உன் நெஞ்சுல கை வச்சேன், வாசப்படிக் கல்லு மாதிரி சில்லுன்னு கிடக்கு. குடுக்கையும் அப்படியே. உள்ள ஒரு அசைவு இல்ல. எடுத்து என் சட்டைக்குள்ள போட்டுக்கிட்டேன். கொஞ்சம் கழிச்சுச் சுரண்ட ஆரம்பிச்சுது, சனியன். நீ குறட்டை விட ஆரம்பிச்சா எடுப்பேன், நீ முழிக்கிறதுக்கு முன்னாடி திருப்பி வச்சுடுவேன். தினம் தினம். உள்ள அது ஊர்றப்ப எல்லாம் எனக்கு வாந்தி வரும், தெரியுமா?

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

— என்னன்னு? உன் உடம்புல சூடு இல்லேன்னா? டீக்கடையில உலை, உலைன்னு நெஞ்சைத் தட்டிக்கிட்டுத் திரியிறவன்கிட்டயா?

— ஆக, அவன் பிழைச்சது...

— மப்ளரைச் சரியாச் சுத்து. கண்ணைத் தொடை, பொண்ணு பாத்தா பயந்துடுவா. இத்தனை நாளும் காலையில இதைத் திருப்பி உன் பனியனுக்குள்ள வைக்கிறப்ப, முதல்ல உன் மூக்குக்கிட்ட விரலை வச்சுப் பாப்பேன். அதுக்கப்புறந்தான் இந்தப் பூச்சிக்கு உயிர் இருக்கான்னு பாப்பேன்.