சேர்க்கவா, நீக்கவா: எப்சிபா அக்காவின் கடைசி ஓட்டு

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஆண்ட்ரூ ஐயா அவர்களே, எங்கள் ஆய்வுக் குழுத் தலைவர் டாக்டர் பிரபாகர் அவர்களே, எப்சிபா அக்காவின் தம்பி ஆர்தர் அண்ணன் அவர்களே, திருப்பதியிலிருந்து வேன் பிடித்துச் சித்தூருக்கு வந்திருக்கும் அலுவலக நண்பர்களே, சபையாரே! உங்கள் அனைவருக்கும் கேசியாவின் வணக்கம். பின்வரிசையில் என் கணவர் தோளில் இருப்பவன் என் மகன் சாம். எட்டு மாதம். அவன் அழத் தொடங்கினால் என் பேச்சு பாதியில் நிற்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். இப்போது ஏன் அழாமல் இருக்கிறான் என்பதும் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

மருத்துவ நூலகர் செல்வி எப்சிபா நம்மை விட்டுப் போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. யார் இந்த எப்சிபா? ஞாயிறு பள்ளி ஆசிரியை என்பீர்கள். இருபத்தெட்டு ஆண்டு நூலகர் என்பீர்கள். நான் சொல்கிறேன்: யார் எதைச் சொன்னாலும், "எத்தினி பேரை வெச்சிப் பாத்தே?" என்று கேட்காமல் நம்பாத ஒரே மனுஷி!

எங்கள் வேலை என்ன என்று இங்கே பலருக்குத் தெரியாது. என் மாமியாருக்கே தெரியாது. ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். அதைப் பற்றி உலகத்தில் நடந்த ஆய்வுகளையெல்லாம் தேடிப் பிடிப்போம். தேறாதவற்றை நீக்கிவிட்டு, தேறியவற்றின் எண்களைச் சேர்த்து ஒரே பதிலாகச் சொல்வோம். மெட்டா அனாலிசிஸ் என்று பேர். இரண்டு வருடமாக நாங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி: குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டால் நன்றாகத் தூங்குமா?

சிரிக்காதீர்கள். எங்கள் அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் கோவிந்தம்மாளும் இப்படித்தான் சிரித்தார்.

"நாலாயிரம் பேப்பர் படிச்சிக்கினு கீறீங்களே, எண்ணெ தேய்க்கலாமா வாணாமா? அத்தெச் சொல்லுங்கம்மா."

"இன்னும் ஒரு வருசம் பொறு கோவிந்தம்மா" என்றார் அக்கா.

"அதுக்குள்ள எம் பேரன் எண்ணெ பூசிக்கினு இஸ்கூலுக்கே போய்டுவான்!"

அந்த நாலாயிரத்தையும் படித்தது இரண்டே பேர்: அக்காவும் நானும். ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியக் கூடாது. இதுதான் சட்டம். தனித்தனியாகப் படித்து, 'சேர்க்க' அல்லது 'நீக்க' என்று கம்ப்யூட்டரில் ஓட்டுப் போட வேண்டும். இருவரும் போட்ட பிறகுதான் திரை திறக்கும். சட்டம் எல்லா ஊரிலும் உண்டு. அதை இப்படிக் காத்தவர் உண்டா? சித்தூரிலிருந்து திருப்பதிக்கு இருவரும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் போவோம். நான் லேப்டாப்பைத் திறந்த அடுத்த நொடி அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். கண்டக்டர் ஒருநாள் என்னிடம் கேட்டார்: "இன்னாம்மா, பெரியம்மாவுக்கு வாந்தி வருதா?"

போதகர் ஐயா மன்னிக்க வேண்டும், அந்த ஜெபக் கூட்டத்தையும் நான் சொல்லியாக வேண்டும். ஒரு சகோதரர் எழுந்து, ஜெபித்ததால் மூட்டுவலி போனது என்று சாட்சி சொன்னார். அக்கா கை தூக்கினார். "சந்தோசம் பிரதர். வலி போவாதவங்களையும் அடுத்த வாரம் சாட்சி சொல்லக் கூப்புடுவீங்களா?" ஐயா இப்போது சிரிக்கிறார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அது குறும்பா? இல்லை! நல்ல முடிவு வந்த ஆய்வு அச்சாகிவிடும். ஒன்றும் நடக்கவில்லை என்ற ஆய்வு எங்காவது பீரோவில் கிடக்கும். அச்சானதை மட்டும் கூட்டினால் கிடைக்கும் பதில் பொய். ஆகவே அக்கா பீரோ பீரோவாகத் திறந்தார். திருப்பதியில் ஒரு கல்லூரியின் கிடங்குக்கு என்னையும் இழுத்துப்போனார். பழைய காகிதம் தவிர இங்கே ஒன்றுமில்லை என்று வாட்ச்மேன் தெலுங்கில் சொல்ல, "அவே காவாலி!" என்று அக்கா உள்ளே நுழைந்துவிட்டார். அதுதான் வேண்டுமாம்! மூன்று மணி நேரம் தும்மினோம். கடைசியில் கிடைத்தது டாக்டர் பக்கிரிசாமி என்பவர் 1997இல் எழுதிய ஆய்வேடு. எண்ணெய் தேய்ப்பு, தொண்ணூறு குழந்தைகள், அச்சாகவே இல்லை.

அந்த ஆய்வேடுதான் எங்களைப் பிரித்தது.

குலுக்கல் முறையில் குழந்தைகளைப் பிரித்த ஆய்வு மட்டுமே எங்கள் கணக்கில் சேரும். பக்கிரிசாமியோ 'இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எப்படிப் பிரித்தார்? நான் 'சேர்க்க' போட்டேன். அக்கா 'நீக்க' போட்டார். எண்ணெய் தேய்த்த குழந்தைகள் நன்றாகத் தூங்கின என்பது பக்கிரிசாமியின் முடிவு; அது சேர்ந்தால் எங்கள் பதில் 'தூங்கும்', சேராவிட்டால் 'தெரியாது'. பேசித் தீர்க்க உட்கார்ந்தோம்.

"திங்கக்கெழம பொறந்ததுக்கு எண்ணெ, செவ்வாக்கெழம பொறந்ததுக்கு இல்லன்னு பிரிச்சிருந்தா? அது குலுக்கலா?"

"அப்டி இருக்காதுக்கா. பெரிய டாக்டர் அவுரு."

"நீ தெனமும் சாமுக்கு எண்ணெ தேய்க்கிற. அது வீணில்லன்னு யாராச்சும் சொல்லணும் ஒனக்கு. ஒம் புள்ள தூங்கணும்னு ஆராய்ச்சியத் தூங்க வெக்காத, கேசியா."

உண்மை. அதனால்தான் சுட்டது. நான் சொன்னேன்: "ஒங்களுக்கு ஒரு புள்ள இருந்தா தெரியும்."

சபையாரே, திருமணமே செய்துகொள்ளாத அந்த அக்காவிடம் நான் இப்படிச் சொன்னேன். என் வளைகாப்புக்கு முதல் ஆளாக வந்தவரிடம் சொன்னேன். சாமுக்குத் தடுப்பூசி போட்ட நாளெல்லாம் காய்ச்சல் வந்ததா என்று மாலையில் போன் செய்தவரிடம் சொன்னேன். அக்கா எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சண்டை தீராவிட்டால் இரண்டு நாள் ஆறப்போட்டு மறுபடி ஓட்டுப் போடுவது எங்கள் அலுவலக வழக்கம். அப்போதும் முட்டினால் பிரபாகர் சார் தீர்ப்புச் சொல்வார். சாரிடம் இதுவரை பதினேழு வழக்குப் போயிருக்கிறது. பதினேழிலும், "ரெண்டு பேரு சொல்றதுலயும் பாயின்ட் இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு லிப்டில் ஏறிவிடுவார். பிறகு நாங்கள் போய் லிப்டை நிறுத்த வேண்டும்.

வியாழக்கிழமை சண்டை. வெள்ளிக்கிழமை அக்கா லீவு. என் மேல் கோபம் என்று நினைத்தேன். போனை எடுத்தேன், வைத்தேன். திங்கட்கிழமை பஸ்ஸில் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாசகம்கூடத் தயார் செய்தேன். ஞாயிறு காலையில் மாரடைப்பு. யாரிடம் சொல்வேன் அந்த வாசகத்தை?

அடக்கம் முடிந்து அலுவலகம் போனேன். அக்கா சனிக்கிழமையே வீட்டிலிருந்து ஓட்டுப் போட்டுவிட்டார் என்று திரை காட்டியது. என்ன ஓட்டு என்று காட்டவில்லை. நான் போட்டால்தான் காட்டும். எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. அக்கா சொன்னதே சரி என்று 'நீக்க' போட்டேன். காரணம் கேட்டது; 'குலுக்கல் முறை அல்ல' என்று தேர்ந்தெடுத்தேன். என்னால் செய்ய முடிந்த மரியாதை அது.

திரை திறந்தது. அக்காவின் ஓட்டு: 'சேர்க்க'.

கீழே குறிப்பு. வாசிக்கிறேன்: "வெள்ளியன்று பஸ்ஸில் சத்தியவேடு சென்று டாக்டர் பக்கிரிசாமியை அவர் வீட்டில் சந்தித்தேன். வயது எண்பத்தொன்று, காது மந்தம், நினைவு தெளிவு. மூடிய கவர்களில் சீட்டுப் போட்டு, பிஸ்கட் டப்பாவில் வைத்து, வேறொரு வார்டு நர்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார். கவர்களும் டப்பாவும் இன்னும் இருக்கின்றன. தொண்ணூறையும் எண்ணிப் பார்த்தேன். குலுக்கல் முறையே. கேசியா சொன்னது சரி. ஆனால் அவள் சொன்ன காரணம் தப்பு."

இறந்த பிறகும் என்னோடு ஒத்துப்போகாத மனுஷி! என் சொல்லை வாங்கிக்கொண்டு மறுநாளே பஸ் ஏறியிருக்கிறார், நான் சொன்னது சரியாக இருந்தால் என்ன செய்வது என்று பார்க்க. நானோ அவரிடம் மன்னிப்புக் கேட்பதாக நினைத்து, அவர் காத்த சட்டத்தையே உடைத்தேன். நீக்குவதற்கு அந்தப் பட்டியலில் ஏழு காரணம் இருக்கிறது. துக்கம் அதில் இல்லை. குற்ற உணர்ச்சியும் இல்லை. நான் பொய்யான காரணம் போட்டேன். திரை திறந்த பிறகு மாற்றவும் முடியாது.

ஆகவே, டாக்டர் பிரபாகர் அவர்களே, இது பதினெட்டாவது வழக்கு. இந்த முறை லிப்ட் கிடையாது. தயவுசெய்து எங்கள் இருவரில் யாரையும் நம்பாதீர்கள். மாலை போட்ட அந்தப் படத்தைப் பார்த்து 'சேர்க்க' போடாதீர்கள்; அக்கா உங்களை மன்னிக்க மாட்டார். திங்கட்கிழமை காலை சத்தியவேடு பஸ்ஸில் உங்களுக்கும் ஓர் இடம் பிடித்துவைக்கிறேன். சாமும் வருவான், அழுவான். ஒரு கவர் விடாமல் தொண்ணூறையும் நீங்களே எண்ணுங்கள். நான் வெளியே வாசலில் நிற்கிறேன். நீங்கள் எண்ணி முடிக்கும்வரை உள்ளே எட்டிப் பார்க்க மாட்டேன் என்று இந்தச் சபை முன்பாக வாக்களிக்கிறேன்.