குதிகாலை வெளிப்பக்கம் திருப்பு

ஷூ வாங்குகிறவர்கள் சாயங்காலத்தில் வருவது நல்லது. பகலெல்லாம் நின்று நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். அந்தக் காலுக்குப் பொருந்துவதுதான் கடைசிவரை பொருந்தும். காலையில் வாங்கிப் போனவர்கள் மறுவாரமே கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு என் சைக்கிள் பட்டறைக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். அதனால் அவனையும் சாயங்காலம்தான் வரச் சொன்னேன்.

அவன் என்று நான் சொல்வது என் தங்கையின் கணவனை. இறந்து ஏழு வாரம் ஆகிறது. தங்கையைக் கட்டுவதற்கு வெகு நாள் முன்பே அவன் எனக்கு நண்பன். வீட்டில் வரன் பார்த்தபோது அவன் பேரைச் சொன்னதே நான்தான். எனக்குப் பெரிய மனசு என்று எல்லோரும் சொன்னார்கள். கல்யாணமானதும் நண்பர்கள் ஒவ்வொருவராகக் கைநழுவிப் போவதை அதற்குள் நான் பார்த்திருந்தேன். வீட்டு மாப்பிள்ளை எங்கே போய்விடுவான் என்று நினைத்தேன், அவ்வளவுதான் சார்.

அவனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. வாரமெல்லாம் ஊரை மேலே ஏற்றிவிடுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது கீழே இறங்க வேண்டும் என்பான். விடியற்காலையில் இரண்டு பேரும் சைக்கிளை மலை உச்சிவரை தள்ளிக்கொண்டு போவோம். மேலே ஒரு பாறை. அதில் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்போம். பேச மாட்டோம். பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பாறையில் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு தபால் அட்டைக்குத் தேறாது. பிறகு சரிவில், கல்லும் வேருமான ஒற்றையடித் தடத்தில் சைக்கிளில் இறங்குவோம். முன்னால் அவன், பின்னால் நான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்த அரை மணிக்காகத்தான் மீதி ஆறு நாளும் பட்டறையைத் திறந்தேன் என்றால் நீங்கள் நம்ப வேண்டும்.

இருவரும் தட்டைப் பெடல்தான் வைத்திருந்தோம். ஷூ வழுக்காமலிருக்க அதில் சின்னச் சின்ன இரும்பு முனைகள் இருக்கும். கால் தவறினால் முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கிழித்துவிடும். எங்கள் இரண்டு பேர் காலிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரித் தழும்புகள். அண்ணன் தம்பி என்று நினைத்துக் கேட்டவர்கள் உண்டு.

இன்னொரு வகைப் பெடல் இருக்கிறது. பேர்தான் கிளிப்லெஸ், கால் என்னவோ வசமாக மாட்டிக்கொள்ளும். ஷூவின் அடியில் கிளீட் என்று ஒரு சின்ன இரும்புத் துண்டை இரண்டு திருகாணி போட்டு முறுக்கியிருப்பார்கள். அதைப் பெடலில் வைத்து அழுத்தினால் ஒரு ஸ்பிரிங் கவ்விக்கொள்ளும். காலை எடுக்கக் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். பழகியவர்களுக்கு அது நடப்பது மாதிரி. சைக்கிள் எவ்வளவு குதித்தாலும் கால் பிரியாது. பழகாதவர்கள் நின்ற இடத்திலேயே காலை எடுக்க முடியாமல் வெட்டிய மரம் போலப் பக்கவாட்டில் சாய்வார்கள்.

போன வருஷக் கடைசியில் அவனுக்கு முதுகு வலி வந்தது. ஞாயிற்றுக்கிழமை வர முடியாது என்றான். ஆறு வாரம் நான் தனியாகப் போய் அந்தப் பாறையில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். ஏழாவது வாரம் தங்கை வீட்டுக்குப் போனேன். அரைக்கால் சட்டையில் ஏணிமேல் நின்று விளக்கு மாற்றிக்கொண்டிருந்தான். என் கண்ணுக்கு நேராக அவன் கால். முன்பக்கம் ஒரு புதுக் கீறல் இல்லை. முழங்காலின் வெளிப்பக்கமும் முழங்கையும் மட்டும் சிராய்ந்து பொருக்குத் தட்டியிருந்தன. என் தொழிலில் அதைப் படிக்கத் தெரியாதவன் இல்லை.

"முதுகு எப்படி இருக்கு மாப்ளே?"

"அப்படியே இருக்கு மச்சான். லீவுன்னா படுத்தே கெடக்கேன்."

"படுத்துக்கிட்டேவா முழங்கையத் தேச்சுக்கிட்ட?"

தங்கை சமையலறையிலிருந்து சிரித்தாள். "நல்லாக் கேளுண்ணா. ஞாயித்துக்கெழம விடியறதுக்குள்ள ஓடிடுறாரு. நீ கூடத்தானே இருக்க, பாத்து ஓட்டச் சொல்லக் கூடாதா?"

அவன் விளக்கை மாட்டி முடித்து மெதுவாக இறங்கினான். ஏணியை மடக்கினான். துணியில் கையைத் துடைத்தான். இதெல்லாம் முடிய நெடுநேரம் ஆன மாதிரி இருந்தது.

"பல் டாக்டர்கூடப் போய்ட்டு இருந்தேன்," என்றான் தணிந்த குரலில். "அவர்தான் கிளிப் பெடல் பழகிக் குடுத்தார். உனக்குப் புடிக்காதுன்னுதான் சொல்லல."

"எனக்கு எதுக்குப் புடிக்காமப் போகுது?"

"அதான் மச்சான், நீ வேற. இத்தன நாள் அவரோட பழசப் போட்டு ஓட்டினேன். சொந்தமா வாங்கணும். நீயே பாத்து எடுத்துக் குடு. உன்ன விட்டா யாரு இருக்கா எனக்கு?"

பல் டாக்டரைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். சைக்கிள் பந்தயங்களில் ஓட்டுகிறவர், நல்ல மனிதர், நிறையப் பேசுவார். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதும் அவர்தான். வலிக்கவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் அவன் வந்தான். அடுத்த மூன்று மணி நேரத்தைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. அவ்வளவு கவனமாக நான் யாருக்கும் எடுத்துக் கொடுத்ததில்லை. சமதரையில் ஓட்டுகிறவர்களின் சின்னப் பெடல் வேண்டாம், சுற்றிலும் அகலமான சட்டம் உள்ளதாக எடு, அவசரத்தில் கால் மாட்டாவிட்டாலும் மிதித்து நிற்க இடம் இருக்கும் என்றேன். பலகை மாதிரி விறைத்த அடிப்பாகம் உள்ள ஷூவைத் தள்ளி வைத்தேன். சைக்கிளை விட்டு இறங்கிக் கல்லில் நடக்க வேண்டியிருக்கும், கொஞ்சம் வளையட்டும், அடியில் நல்ல ரப்பர் இருக்கட்டும். விரல்பக்கம் கெட்டியான மூடி. கிளீட்டை முன்பாதத்துக்குப் பின்னால் தள்ளிப் பொருத்தினால் குதிக்கும்போது கெண்டைக்கால் சோராது. நாலு ஜோடி போட்டுப் பார்த்தான். நான் தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு தடவையும் விரல் எங்கே முட்டுகிறது என்று அழுத்திப் பார்த்தேன். ஐந்தாவது ஜோடி அவனுக்கென்றே தைத்தது போல உட்கார்ந்தது.

அவன் எழுந்து இரண்டு அடி நடந்தான். பிறகு போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டான். நான் இன்னும் மண்டியிட்டுத்தான் இருந்தேன். பெடலின் பேர், ஷூவின் பேர் எல்லாம் ஒப்பித்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"டாக்டரும் அதையேதான் சொல்றார் மச்சான்," என்றான் சந்தோஷமாக. "இதையே எடுத்துக்கலாம்னு சொல்லிட்டார்."

அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

ஷூவைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னேன். கிளீட்டை நிதானமாகப் பொருத்த வேண்டும். புதியவர்களுக்குச் செய்வது போல ஸ்பிரிங்கை இருப்பதிலேயே இளக்கமாக வைத்தேன், கால் சுலபமாகக் கழல வேண்டுமே. கிளீட்டின் திருகாணி விஷயம் வேறு. இரண்டு நாள் ஓட்டியதும் கிளீட் ஷூவில் அழுந்தி உட்காரும், திருகாணி தளரும். மறுபடி முறுக்க வேண்டும். எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்வேன்: ரெண்டு தடவ ஓட்டிட்டு எடுத்துக்கிட்டு வாங்க. அவனிடம் சொல்லவில்லை.

மறந்துவிட்டது என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் வலது ஷூவின் திருகாணிகளுக்குப் பிடிமானப் பசை போட்டு முழுக்க முறுக்கினேன். இடது ஷூவுக்குப் பசை போடவில்லை, முக்கால் முறுக்கோடு விட்டேன். தளர்ந்தால் கால் சுலபமாக வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. கிளீட் தளர்ந்துவிட்டால் குதிகாலைத் திருப்பும்போது ஷூ மட்டும் திரும்பும், கிளீட் பெடலின் பிடியிலேயே இருக்கும். எவ்வளவு திருப்பினாலும் வராது.

ஏன் இடது கால் என்று கேட்பீர்கள். எங்கள் தடத்தின் மூன்றாவது வளைவில் பள்ளம் இடது பக்கம். அந்த இடத்தில் அவன் இடது காலை எடுத்து நீட்டித்தான் திரும்புவான். பன்னிரண்டு வருஷம் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன்.

டாக்டருடன் இரண்டு தடவை ஓட்டிவிட்டு, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவனாகவே என்னைக் கூப்பிட்டான். நாம ரெண்டு பேர் மட்டும் மச்சான், பழைய மாதிரி என்றான். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. திருகாணி முறுக்கும் அலன் சாவியை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டேன். பாறையில் உட்கார்ந்ததும் அவன் காலை வாங்கி இரண்டு திருகாணியையும் முறுக்கிவிடலாம் என்றிருந்தேன். ஒரு நிமிஷ வேலை. எனக்குக் கெட்ட எண்ணமே இல்லை என்பதற்கு அந்தச் சாவியே சாட்சி.

பாறையில் உட்கார்ந்தோம். அவன் பேச ஆரம்பித்தான். டாக்டர் குழு சேர்க்கிறார், வெளியூர்ப் பந்தயத்துக்குப் போகலாம் என்கிறார், டாக்டர் பிரேக் பிடிக்கிற விதமே வேறு. அந்த அரை மணி முழுக்கப் பேசினான். நான் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது கீழே பார்த்துச் சொன்னான்:

"மச்சான், எடது கால் மட்டும் கழட்டறப்ப கொழகொழன்னு இருக்கு. என்னன்னு பாரேன்."

"டாக்டர்கிட்டக் கேட்டியா?"

"புது ஷூ, பழகிடும்னு சொன்னார்."

"அப்புறம் என்ன. குதிகால வெளிப்பக்கம் நல்லாத் திருப்பு, வந்துடும்."

மூன்றாவது வளைவில் அவன் நல்லாத் திருப்பினான். நான் பின்னால்தான் இருந்தேன், குதிகால் இரண்டு தடவை வெளியே போய் வந்ததைப் பார்த்தேன். சைக்கிளும் அவனும் ஒன்றாகவே விழுந்தார்கள். இரண்டு மாடி உயரம் இருக்கும்.

நான் இறங்கிப் போனபோது நினைவோடு இருந்தான். சைக்கிள் இடது காலை முறுக்கிக்கொண்டு மேலே கிடந்தது. "கழட்டுடா மச்சான்," என்றான். ஷூவின் பட்டையைப் பிரித்துக் காலை மெதுவாக வெளியே எடுத்தேன். பெடலில் மாட்டியிருந்த ஷூவைத் திருப்புளியால் நெம்பி எடுத்தேன். அலன் சாவி கையில் இருந்தது. இரண்டு திருகாணியையும் முழுக்க முறுக்கினேன். என் பட்டறையில் பொருத்திய கிளீட் ஆடிக்கொண்டிருந்தது என்று நாளைக்கு ஒருவர் சொல்லக் கூடாது. ஷூவில் இருந்த மண்ணைத் துடைத்து அவன் காலில் மறுபடி மாட்டிப் பட்டையை ஒட்டினேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பழைய மாதிரி இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். அரை மணி இருக்கும். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இருக்கலாம்.

திருகாணி இறுக்கம், ஸ்பிரிங் இளக்கம், பெடலில் குறை இல்லை, ஓட்டியவருக்குப் பழக்கம் போதவில்லை என்று உங்கள் ஆட்கள் எழுதினார்கள். தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். அண்ணன் நீ இருக்க, எனக்கு அது போதும் என்றாள். அதோடு முடிந்திருக்கும். நானும் இங்கே வந்திருக்க மாட்டேன்.

போன வாரம் பல் டாக்டர் தங்கை வீட்டுக்கு வந்தார். என் எதிரிலேயே அழுதார். நான்தான்மா அந்தப் பெடலை வாங்கச் சொன்னேன், நான்தான் அந்த ஷூவை எடுக்கச் சொன்னேன், போலீசிலும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றார். தங்கை அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நேற்று உங்கள் அறிக்கையின் நகலை வாங்கிப் படித்தேன். பல் மருத்துவரின் தேர்வின்படி வாங்கப்பட்டவை என்று அச்சில் இருக்கிறது.

ஒரு பாவமும் அறியாத மனிதர் பழி சுமக்கக் கூடாது என்றுதான் வந்தேன் சார். நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன், எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன், எந்தப் பிரிவு என்பது உங்கள் பாடு. அந்த ஒரு வரியை மட்டும் என் கண்ணெதிரில் அடித்துவிடுங்கள். அவர் போனில் சரி என்றார், அவ்வளவுதான். நாலு ஜோடியைத் தள்ளிவிட்டு ஐந்தாவதை அவன் காலில் மாட்டியது நான்.