குழாய்மேல் ஒரு சூலம்

"ஹலோ... ஹலோ... குன்னூர் பைப் ஷாப்புங்க. நூருல்லா பேசறேன்... ஆமா, ஆமா, ஃபோர்மேன் நூருல்லாவேதான்... யாருங்க?... ஓ, அரவேணு எஸ்டேட் ரைட்டருங்களா. சொல்லுங்க தேவநேசன். குழாயெல்லாம் நல்லபடியா வந்து சேர்ந்துச்சுங்களா?"

சுவரில் மாட்டியிருந்த டெலிபோன் முன்னால் நூருல்லா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். டெலிபோனும் அது இருந்த கண்ணாடி அறையும் அவருக்குப் புதிது. போன மழைக்காலம்வரை அவரும் வெளியே நெருப்புப் பொறிக்கு நடுவில் குந்தி, குழாய் பற்றவைத்துக்கொண்டிருந்தவர்தான்.

சீமையில் சண்டை வந்தது. தேயிலைக்குக் கிராக்கி ஏறியது. ஓடைத் தண்ணீரை மேலிருந்து குழாயில் இறக்கி, அந்த வேகத்தில் பாக்டரி இயந்திரத்தை ஓட்டலாம் என்று எஸ்டேட்டுக்கு எஸ்டேட் குழாய் கேட்டு நின்றது. சீக்கிரம், சீக்கிரம் என்று கம்பெனித் துரை பறந்தார். அப்போதுதான் நூருல்லா வேலை முறையையே புரட்டிப் போட்டார். முன்பு ஒரு குழாய்க்கு ஓர் ஆள். தகடு வளைப்பதிலிருந்து கடைசிவரை அவனே. இப்போது குழாய் உருளைகளின்மேல் படுத்தபடி நகர்ந்து போகிறது. ஒருவன் விளிம்புகளை அங்கங்கே பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்து நிறுத்துகிறான், அடுத்தவன் விளிம்புகள் சேரும் தையலை நிரப்புகிறான், மூன்றாமவன் தேய்க்கிறான். யாரும் இடத்தைவிட்டு அசைவதில்லை. முன்பு ஒரு குழாய் போன நேரத்தில் இப்போது மூன்று போயின. துரை அசந்துபோய் இந்தக் கண்ணாடி அறையைக் கொடுத்தார்.

பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தார் நூருல்லா.

"முத்திரையா?... தையலுக்குப் பக்கத்துல வெட்டியிருக்குமே, பத்தவச்சவன் குறி, அதுங்களா... சூலமா? சூலம்னா ஒச்சப்பனுங்க. செலஸ்டினுக்குச் சிலுவை, எனக்குப் பிறை, ஒச்சப்பனுக்குச் சூலம்... ஆமா, ஆமா, சந்தேகமே இல்லை. அவன் அங்கேதானுங்களே இருக்கான்? குழாயை இணைச்சுக் குடுக்க லாரியோட அனுப்பிச்சேனே... எதுக்குங்க கேக்கறீங்க?"

பதில் நீளமாக வந்தது. நூருல்லாவின் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"எப்போ?... மண்ணா?... லயத்து மேலயா?"

நேற்று சாயங்காலம் எஸ்டேட் மானேஜர் ஹெர்பர்ட் துரை தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார். ஒரு குழாயின் தையலில் ஊசிக்கண் அளவு ஓட்டை. இருட்டில் யாரும் கவனிக்கவில்லை. தண்ணீர் பீச்சிப் பீச்சிக் குழாயடியிலிருந்த மண்ணை அரித்து, விடியும்போது கரை சரிந்து கீழே தொழிலாளர் லயத்தின் முதல் வீட்டில் விழுந்துவிட்டது. வாசலில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த ஆயம்மாள் என்ற கொழுந்து பறிக்கிற பெண்ணின் கால், மண்ணுக்குள் மாட்டி முறிந்துவிட்டது.

"உசுருக்கு... உசுருக்கு ஒண்ணும் இல்லையே?... கோத்தகிரி ஆஸ்பத்திரியா... சரி... சரி..."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செலஸ்டின் கையில் சீமெண்ணெய்த் தகரத்தோடு வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் சுண்ணாம்பு பூசிய குழாய் ஒன்று படுத்துக் கிடந்தது. ஷாப்பின் திறந்த வாசல் வழியாகப் பனி உள்ளே புகுந்து எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டிருந்தது. சோதனையை ஆரம்பிக்கலாமா என்று செலஸ்டின் தலையால் கேட்டான். நூருல்லா பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"என்னங்க?... போலீஸா?... எதுக்குப் போலீஸ்?... வேணும்னே பண்ணினானா? ஒச்சப்பனா?... சண்டைக் காலம்தான், இல்லைங்கலை. அதுக்காக... ஏனுங்க தேவநேசன், அவன் வாய்தான் நீளம். காரியத்துல அப்படிப்பட்ட ஆள் இல்லைங்க... சர்க்காருக்கு விரோதமா? அவனுக்கு அவன் பெண்டாட்டி ராக்கம்மாளை எதிர்க்கவே தைரியம் கிடையாதுங்க."

அந்தப் பக்கம் யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை. கோத்தகிரியிலிருந்து போலீஸ் கிளம்பிவிட்டது என்றும், ஃபோர்மேனே முத்திரையை உறுதி செய்துவிட்டதால் இனி வேறு சாட்சி வேண்டாம் என்று துரை சொல்கிறார் என்றும் ரைட்டர் தெரிவித்தார்.

 சூலம் ஒச்சப்பனுடையது என்று நூருல்லா எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

குறி ஒச்சப்பனுடையதுதான். குழாய் அவனுடையது அல்ல. இப்போது எந்தக் குழாயும் எந்த ஒருவனுடையதும் அல்ல. மூன்று பேர் கைபட்ட குழாயில் மூன்று பேரும் நின்று குறி வெட்டினால் நேரம் போகிறதென்று, கடைசியில் நிற்பவனே எல்லாவற்றுக்கும் வெட்டட்டும் என்று சொல்லிவிட்டார் நூருல்லா. கடைசியில் நின்றவன் ஒச்சப்பன். அவனிடம் இருந்தது சூலத்து உளி.

அதுவாவது போகட்டும். ஓட்டை எவன் கையிலும் விழும். அதைப் பிடிக்கத்தான் சோதனை. தையலின் வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசிக் காயவைத்து, உள்பக்கம் சீமெண்ணெய் தடவுவார்கள். ஓட்டை இருந்தால் எண்ணெய் கசிந்து வெள்ளையில் மஞ்சளாய்க் கறை விழும். ஆனால் குன்னூர்ப் பனியில் சுண்ணாம்பு லேசில் காயாது. அதனால் குழாயைச் சுற்றிக் கணப்புச்சட்டி வைத்து, கரி நெருப்பில் உலர்த்துவது ஷாப்பில் வழக்கம். உருளையில் குழாய் மளமளவென்று வந்து விழ, கணப்பருகே மட்டும் தேங்கி நின்றது. நூருல்லா கணப்பை நிறுத்தினார். ஈரச் சுண்ணாம்பில் கறை தெரியாது என்பது அவருக்குத் தெரியாததா என்ன?

"தேவநேசன்... ஹலோ... ஒச்சப்பன் பக்கத்துல இருந்தா கொஞ்சம் குடுங்க... இல்லைங்க, ஒரு நிமிஷம்... குறி விஷயமாத்தான். கேட்டு நிச்சயம் பண்ணிக்கறேன்."

பொய்தான். ஆனால் பலித்தது.

"ஒச்சப்பா... நான்தாம்பா, பாய் பேசறேன்... புது நாற்காலியா? மரந்தான். மெத்தையெல்லாம் போடலை... சரி... சரி, திட்டு... ஆமா, நீ அன்னைக்கே கேட்டே. கணப்பில்லாம கண்ணைக் கட்டிக்கிட்டா பாக்கறதுன்னு கேட்டே. எல்லார் முன்னாலயும் நான்தான் சட்டியை எட்டி உதைச்சேன். மறக்கலை... தொரைகிட்ட இதைச் சொன்னியா?... சொன்னியா. அப்புறம்?"

நூருல்லா நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டார்.

"என்னைப் பத்தியா?... கெட்டிக்காரன்னாரா. நூருல்லா மாதிரி ஆள் அப்படிப் பண்ண மாட்டான்னாரா... உன்னைப் பொய்யன்னுட்டாரா... கையைக் கட்டியிருக்காங்களா? அப்புறம் எப்படி டெலிபோனை... ரைட்டர் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரா."

கண்ணாடியில் டொக் டொக் என்று சத்தம். செலஸ்டின் இன்னும் நின்றுகொண்டிருந்தான். அவன் குரல் கேட்கவில்லை. லாரி காத்திருக்கிறது என்று கட்டைவிரலால் தெருப்பக்கம் காட்டினான். நூருல்லா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, காலால் கதவைத் தள்ளித் திறந்தார்.

"அதை ஏத்தாதே. எதையுமே ஏத்தாதே. கணப்புச்சட்டி எங்கே கிடக்குன்னு பாரு."

செலஸ்டின் புரியாமல் நின்றான். நூருல்லா கதவைச் சாத்தினார்.

"இல்லைப்பா, உன்கிட்ட இல்லை... ராக்கம்மாளா? இன்னும் வரலை. மத்தியானம் நீ வந்துட்டியான்னு கேட்டு வருவா... என்ன சொல்லச் சொல்றே?... வேண்டாம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீயே வந்து சொல்லிக்கோ. சாயங்காலம் வந்து சொல்லிக்கோ... வருவே. நான் சொல்றேன், வருவே. ரைட்டர்கிட்டக் குடு."

வெளியே குழாய் ஒன்று உருளைமேல் சுழன்று நின்றது. அதன் முதுகில் பளபளவென்று ஒரு சூலம். ஒச்சப்பன் இல்லாத நாளிலும் அவன் உளிதான் வேலை செய்துகொண்டிருந்தது.

"தேவநேசன், தொரைகிட்டப் பேசணுங்க... உங்ககிட்டச் சொன்னாப் போதாதுங்க... கோபமா இருந்தா இருக்கட்டும். நான் ஃபோர்மேன், நான் சொல்றேன், கூப்பிடுங்க."

ஃபோர்மேன் என்ற வார்த்தையை இன்னும் எத்தனை நேரம் சொல்லலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது. புதுக் கோட்டைப் பார்த்து அவர் மனைவி நபீசா போன வெள்ளிக்கிழமை பாயசம் வைத்திருந்தாள். பழைய இடத்துக்குப் போனால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆனால் பழைய இடமாவது கிடைக்குமா? ஒச்சப்பனைப் பிடிக்க வருகிற போலீஸ் குன்னூருக்கு வர எவ்வளவு நேரமாகும்?

"சலாம் தொரை... ஆமாங்க, நூருல்லா... தாங்க்யூ தொரை... இல்லைங்க தொரை, நல்ல வேலைன்னு சொல்லாதீங்க... அதைப் பத்தித்தான்... ஒச்சப்பன் சொன்னது நிஜங்க. சுண்ணாம்பு காயலை. கணப்பு வைக்கலைங்க... பனியில காயாதுங்க தொரை. காயலைன்னா ஓட்டை தெரியாது... ஆமாங்க, தெரியாமத்தான் அனுப்பிச்சது..."

காயலை, வைக்கலை, அனுப்பிச்சது. இதையெல்லாம் செய்தவன் எவனும் இல்லாததுபோல வார்த்தைகள் தாமாக வந்து விழுந்தன. துரை அதையேதான் பிடித்துக்கொண்டார் போலிருக்கிறது.

"யாரா?... சொல்றேங்க... இல்லைங்க, முத்திரை அவனோடதுதான். ஆனா எல்லாக் குழாயிலயும் அதேதான் இருக்கும்... ஆமாங்க, எல்லாத்துலயும் சூலம்தான்... இல்லை, இல்லை, எல்லாத்தையும் அவன் கெடுத்தான்னு சொல்லலைங்க. தொரை, கொஞ்சம் கேளுங்க. அவனை வெட்டச் சொன்னது, கணப்பை நிறுத்தச் சொன்னது..."

டக்கென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

"தொரை?... ஹலோ?... ஹலோ?..."

லைன் செத்துக் கிடந்தது. மழையோ காற்றோ, வழியில் எங்கேயோ கம்பி கோளாறு. நூருல்லா ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

யாருக்கும் ஒன்றும் தெரியாது. கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்களுக்கு அவர் வாய் அசைந்ததுதான் தெரியும். அவர் கடைசி வார்த்தையைச் சொல்லவில்லை. பேச்சு அறுந்தது அவர் குற்றமும் இல்லை. இப்படியே ரிசீவரை மாட்டிவிட்டுப் போனால், ஃபோர்மேன் ஒச்சப்பனுக்காக மன்றாடினார் என்றுகூட நாளைக்கு நாலு பேர் சொல்வார்கள்.

ஆனால் துரை காதில் கடைசியாக விழுந்தது எது? எல்லாக் குழாயிலும் சூலம். ஒரு குழாய்க்கு இருந்த குற்றத்தை நூருல்லா இப்போது எல்லாக் குழாய்க்கும் சேர்த்து அந்த ஆளின் தலையில் ஏற்றிவிட்டிருந்தார். கையைக் கட்டிப்போட்டிருக்கிற ஆளின் தலையில்.

செலஸ்டின் எங்கிருந்தோ கணப்புச்சட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தான். உதைத்த இடத்தில் அதன் விளிம்பு இன்னும் நெளிந்திருந்தது. எங்கே வைக்க என்று கண்ணால் கேட்டான். நூருல்லா குழாயைக் காட்டினார்.

பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலிமேல் போட்டுவிட்டு, டெலிபோனின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். பதில் இல்லை. மறுபடி சுற்றினார். மறுபடியும்.

"ஹலோ... எக்ஸ்சேஞ்சுங்களா? பைப் ஷாப்புங்க. அரவேணு எஸ்டேட் குடுங்க... ஆமா, இப்பப் பேசினதுதான்... காத்திருக்கேங்க. எத்தனை நேரமானாலும் இங்கேயேதான் நிப்பேன்... இல்லைங்க, பேசி முடிக்கலை. ஒரே ஒரு பேர் மட்டும் சொல்லாம விட்டுப்போச்சு... ஹலோ... ஆமா, ஆமா, குடுங்க... தொரை, நான் நூருல்லா. அந்தப் பேர் என்னோடதுங்க."