குளிசையை நிறுத்தப்போகும் எங்கள் டொக்டருக்கு

குருநகர்க் கரை தந்த குணக்குன்றே! கலங்கி வந்தோரைக் கனிவோடு இருத்திக் கதைகேட்ட கருணையே! உறக்கம் தொலைத்தோர்க்கும் உயிர் வெறுத்தோர்க்கும் உற்ற துணையாய் நின்ற உளமருத்துவ நிபுணர் டொக்டர் கத்தரீனா நீக்கிலாப்பிள்ளை அவர்களே! தங்கள் பணி நிறைவு நாளாகிய இன்று, மனநலப் பிரிவின் ஊழியர் யாவரும் நெஞ்சம் நெகிழ, நா தழுதழுக்க, இம்மடலை வாசித்தளிக்கிறோம்.

அடைமொழிகளைக் கேட்டுத் தாங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. பொறுத்தருளுங்கள். பாராட்டு மடல் வாசிக்கும்போது பாராட்டப்படுபவர் குறுக்கே பேசுவதில்லை என்பது நம் ஊர் மேடைகளின் வழக்கம். அந்த வழக்கத்தை நம்பித்தான் இதை எழுதத் துணிந்தோம். தேநீர் வேளையில் சொல்லியிருந்தால் ஒரே பார்வையில் எங்கள் வாயை அடைத்திருப்பீர்கள்.

மதிப்பார்ந்த மருத்துவரே! தாங்கள் வருமுன் இங்கே நோயாளியின் மருந்தை அவருடைய மாமனும் மச்சானும் கேட்டு வாங்கிப் போனார்கள். நோயாளி வாசலில் நின்றார். தாங்கள் வந்த முதற் கிழமையே உறவினரை வெளியே இருத்தி, நோயாளியைக் கதிரையில் இருத்தினீர்கள். மனச்சோர்வுக்கு ஃபுளுஒக்சற்றின் நல்லதா, சேற்றலின் நல்லதா, எதில் வயிறு குழம்பும், எதில் நித்திரை குறையும் என்று விளக்கி, அவர் விருப்பத்தைக் கேட்டீர்கள். காதில் குரல் கேட்பவரிடம், ஒலன்சபின் குரலை அடக்கும், ஆனால் உடம்பு பெருக்கும் என்று ஒளிக்காமல் சொன்னீர்கள். ஓரிடத்தில் இருக்கமாட்டாத பிள்ளையைக் கொண்டுவந்த தாய்மாரிடம், மெதைல்பெனிடேற் புத்தியை மழுக்கும் மருந்தல்ல, பசியைத்தான் குறைக்கும், ஆகவே காலைச் சாப்பாட்டோடு கொடுங்கள் என்றீர்கள்; அது ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு மருந்தும் உண்டு என்றீர்கள். எதையும் எடுத்த எடுப்பில் நிறுத்தக்கூடாது என்பதை மட்டும் எல்லோரிடமும் ஒரே குரலில் சொன்னீர்கள்.

அந்தச் சொல்லைத் தலைமேற்கொண்ட ஒருத்தியை இன்று நினையாமல் இருக்க முடியவில்லை. இணுவில் செல்வத்துரை அவர்களின் மகள் நிமலினி, மனநிலை ஏறி இறங்கும் நோய்க்கு லிதியம் குளிசை எடுத்து நல்ல சுகமாக இருந்தாள். பாலர் பாடசாலையில் படிப்பித்தாள். கலியாணம் பொருந்தவேண்டுமென்று ஒரு கந்தசஷ்டிக்கு நோன்பு பிடித்தாள். ஆறு நாளும் உப்பைத் தொடவில்லை, தண்ணீரையும் மிடறு மிடறாகவே குடித்தாள், குளிசையை மட்டும் ஒரு நேரமும் தவறவிடவில்லை. உப்பும் தண்ணீரும் குறைந்தால் லிதியம் உடம்பில் ஏறி நஞ்சாகும் என்பது அவளுக்கு நினைவில்லை. கை நடுங்கியதையும் நாக்குக் குழறியதையும் வீட்டார் நோன்புக் களை என்றார்கள். சூரன்போர் முடிந்துதான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

செத்தவீட்டுக்கு நாங்கள் எல்லோரும் தங்களோடு வந்தோம். செல்வத்துரை அவர்கள் ஒருவரையும் ஏசவில்லை. தங்கள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “டொக்டர், பிள்ளை கோயிலையும் விடேல்லை, உங்கடை சொல்லையும் தட்டேல்லை” என்றார். அதன்பின் தாங்கள் எங்களோடு கதைத்தது குறைந்துபோனது.

ஆனாலும் ஆண்டுதோறும் கந்தசஷ்டிக்கு முன் கோயில் வீதிகளுக்கும், தவக்காலத்துக்கு முன் பங்குக் கோயில்களுக்கும் போனீர்கள். குருக்களிடமும் சுவாமிமாரிடமும் சொல்லி, லிதியம் எடுப்போர் விரதத்துக்கு முன் வைத்தியரைப் பார்க்கவேண்டும் என்று அறிவிக்கச் செய்தீர்கள். அதன்பின் இங்கே அப்படி ஓர் உயிர் போகவில்லை. எங்கள் பிரிவின் பெருமை என்று ஒன்றைச் சொல்லக் கேட்டால் இதைத்தான் சொல்வோம்.

பிறருக்குக் கரை காட்டிய பெருந்தகையே! நிமலினி போன துயரில் தாங்களே மனச்சோர்வுக்கு ஆளானீர்கள். நெடுநாள் விடுப்பில் இருந்து திரும்பிய அன்று, கிளினிக்கின் நீள வாங்குகளில் நெருக்கி உட்கார்ந்திருந்த சனத்தின் முன் நின்று, “நானும் உங்களைப்போல குளிசை எடுக்கிறன்” என்று சொன்னீர்கள். அன்றைக்கு ஒரு கிழவர் எழும்பி நின்று கும்பிட்டார். தாங்கள் ஒளிக்காததை நாங்களும் ஒளிக்கவில்லை. ஆகவே அடுத்ததையும் சொல்கிறோம்.

போன கிழமை தேநீர் குடிக்கும்போது, “வேலை முடியுதுதானே, இனி எனக்கு உந்தக் குளிசை என்னத்துக்கு?” என்று கேட்டீர்கள். தாதி கிறிஸ்ரி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். எங்களுக்குப் பயமாக இருக்கிறது, டொக்டர். முன்னொருமுறை தாங்களாகவே நிறுத்தினீர்கள். மூன்றாம் மாதம், கிளினிக் அறையில் பேனையைப் பிடித்தபடி ஒரு சொல் எழுத முடியாமல் இருந்தீர்கள். கிறிஸ்ரி கதவைச் சாத்திவிட்டுத் தங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அந்த நாட்களில் உயிரோடிருப்பதே பாரமாக இருந்தது என்று பிறகு தாங்களே வாங்கில் இருந்தவர்களுக்குச் சொன்னீர்கள். அப்போது நாங்கள் பக்கத்தில் இருந்தோம். நாளை முதல் கொக்குவில் வீட்டின் மதிலுக்குள் தாங்கள் தனியே இருப்பீர்கள். முகம் மாறினால் யார் பார்ப்பது?

வேலைதான் நோய் தந்தது, வேலை போனால் நோயும் போகும் என்று நினைக்கிறீர்கள். இதையே ஒரு நோயாளி சொன்னால் தாங்கள் என்ன சொல்வீர்கள் என்பது இந்த மண்டபத்தில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். மருந்தைக் கூட்டலாம், குறைக்கலாம், மாற்றலாம், ஒருநாள் மெல்ல மெல்ல நிறுத்தவும் கூடும். அதைத் தங்களுக்கு மருந்தெழுதும் டொக்டர் மயூரதனோடு இருந்து முடிவெடுங்கள். இனிச் செவ்வாய் தோறும் தங்கள் இடத்தில் இங்கே கிளினிக் நடத்தப்போகிறவரும் அவர்தான்.

நூறாண்டு வாழ்க என்று இவ்விடத்தில் வாழ்த்தவேண்டும். வாழ்த்துகிறோம், நோய் நொடியின்றி, பிறந்த குருநகர்க் கரைக்குப் போய்க் காற்று வாங்கி, குறையொன்றுமின்றி வாழ்க! ஆனால் வெறும் வாழ்த்தோடு தங்களை அனுப்ப எங்களுக்கு மனமில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை காலை கிளினிக்குக்கு வாருங்கள். அதிகாரியாக அல்ல, விருந்தாளியாகவும் அல்ல. சனத்தோடு சனமாக வாங்கில் இருங்கள். பெயர் கூப்பிடுவோம். தவணைக்கு வராதவரின் வீட்டுக்கு மறுநாள் போய்ப் பார்ப்பது எங்கள் வேலை. தாங்கள் வராவிட்டால் புதன்கிழமை கிறிஸ்ரி தங்கள் படலையைத் தட்டுவார். தயவுசெய்து திறவுங்கள்.

என்றும் தங்கள் அன்பில்,
மனநலப் பிரிவு ஊழியர்கள்