பின்னறைக்கு மூண்டு கண்ணாடி

— அப்ப மற்ற யன்னலெல்லாத்துக்கும் ரெண்டு கண்ணாடி, இந்தப் பின்னறைக்கு மட்டும் மூண்டோ? யாகோப்பு அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. அக்கா சொல்லுறதை எழுதட்டோ, விடட்டோ?

— எழுதாதை பிரகாசம். பின்னறை யன்னலைத் தொடவே வேண்டாம். அது கிடக்கிறபடி கிடக்கட்டும்.

— அவர் சும்மா சொல்லுறார் தம்பி. நீங்கள் மூண்டெண்டு எழுதுங்கோ.

— நல்ல சோடிதான் போங்கோ! நான் வீடுகளுக்குப் புது யன்னல் பூட்டுற வேலைக்கு வந்த நாளிலயிருந்து எத்தினை புருசன் பெண்சாதியைப் பாத்திட்டன். வெள்ளையோ மண்ணிறமோ எண்டு அடிபடுவினம். மரமோ பிளாஸ்ரிக்கோ எண்டு மூஞ்சையை நீட்டிக்கொண்டு நிப்பினம். ஒரு அறைக்கு யன்னலே வேண்டாமெண்டவரை இண்டைக்குத்தான் பாக்கிறன்.

— யன்னல் வேண்டாமெண்டு ஆர் சொன்னது? பழசு கிடக்கு. அது காணும்.

— அண்ணை, கோவிக்காதேங்கோ. இஞ்சை வந்து கையை ஒருக்கா வையுங்கோ. பாத்தீங்களே? கண்ணாடி ஒண்டே ஒண்டு, அதுவும் கடுதாசி மாதிரி. உள்பக்கம் ஐஸ் பிடிச்சுப் பூப்பூவாக் கிடக்கு. கீழை தண்ணி உறிஞ்சத் துவாய் சுருட்டி வைச்சிருக்கு. சட்டத்தைச் சுத்தி, பாருங்கோ, பாசல் கட்டுற மண்ணிற ரேப். இது யன்னலே? பேருக்குக் கண்ணாடி போட்ட ஓட்டை.

— ரேப் ஒட்டினது நான்தான் தம்பி. போன கிழமை.

— ஆரும் படுக்காத அறைக்கு ஏனக்கா?

— மகன் வந்து படுக்கிற அறை அது. அவனைக் கூப்பிடுறதெண்டா அறை இருக்கெண்டு விசாக் கந்தோரில காட்டோணும். அதுக்காகத்தானே இந்தப் பழைய சுரங்கத் தொழிலாளர் வீட்டை வாங்கினது.

— ஓ, ஜூலியனுக்கோ! மறந்துபோனன் பாருங்கோ. இப்ப என்ன வயசு?

— பதினைஞ்சு. அஞ்சு வயசில இவற்றை தங்கச்சி கொறற்றியோடை விட்டிட்டு வந்தது.

— அதுதானே, அக்கா ஏன் நிண்டு சண்டை பிடிக்கிறா எண்டு இப்ப விளங்குது! பாசையூர்க் கடற்கரையில வெயில் குளிச்ச பொடியன் நேரை ஜேர்மனிக்கு வந்து இந்தக் கெல்சென்கிர்ச்சன் குளிருக்கை படுத்தா என்னத்துக்காகும்? எப்ப அண்ணை ஆள் வாறார்?

— அலுவல் நடக்குது.

— ஐப்பசியில யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாச் சனமும் வெளிக்கிட்டதுக்குப் பிறகு அவை எங்கை இருக்கினம்?

— கிளிநொச்சியில. நீ யன்னலைக் கதை பிரகாசம்.

— சரி சரி, யன்னல். வடிவாக் கேளுங்கோ. புதுசில ரெண்டு கண்ணாடிக்கும் நடுவில சும்மா காத்தில்லை, ஒரு வாயுவை அடைச்சு விட்டிருக்கிறாங்கள். உள்பக்கக் கண்ணாடியில கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு. சூடு போய் அதில பட்டுத் திரும்பி அறைக்குள்ளையே வரும். சோக்கான சாமான்! சூடு எவ்வளவு வெளியில போகுதெண்டதுக்கு ஒரு எண் வைச்சிருக்கிறாங்கள். அது குறையக் குறைய நல்லது. எங்கடை ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்துறதுதான் பெரும் பாடு. ‘இருக்கிறதுக்குள்ளை கூடின எண் உள்ளதைத் தா’ எண்டு நிப்பினம்.

— நான் குளிரைக் கேக்கேல்லைத் தம்பி. மூண்டு கண்ணாடி போட்டா வெளியில கேக்கிற சத்தம் உள்ளை வராதோ?

— முன்பக்கமெண்டாச் சரி, ட்ராம் போகுது. பின்னுக்கு உங்கடை தோட்டமெல்லோ? தோட்டத்தில என்ன சத்தமக்கா? லீக்ஸ் கத்துமோ?

— புறா. பக்கத்து வீட்டு மனிசன்ரை புறாக்கூடு வேலியோடை கிடக்கு. சுரங்கத்தில வேலை செய்த இந்த மனிசருக்கெல்லாம் புறாவெண்டாச் சீவன்தானே. ஒரே அனுக்கமும் முனகலும்.

— என்ன கதைக்கிறீர் அன்ரனிற்றா? அந்த மனிசன் கார்த்திகையிலயே புறாவெல்லாத்தையும் வித்துப்போட்டுது. அது வெறுங்கூடு.

— எனக்குக் கேக்குது.

— இல்லாத புறா எப்பிடியணை கேக்கும்?

— அப்ப வேறையென்னவோ. கேக்குதெண்டுறன், விடுங்கோவன்.

— ஐயோ, புறாவால என்ரை வியாபாரத்தைக் குழப்பிப்போடாதேங்கோ! அக்கா, சத்தத்துக்கெண்டே ஒரு வழி இருக்குப் பாருங்கோ. மூண்டில ஒண்டைத் தடிச்ச கண்ணாடியாப் போடலாம். சட்டத்தைச் சுத்தி ரெண்டு வரிசை றப்பர். பூட்டினாக் கிணத்துக்குள்ளை இருக்கிற மாதிரித்தான். ரெயில் பாதைக்குப் பக்கத்தில ஒரு ஜேர்மன் மனிசிக்குப் பூட்டிக் குடுத்தனான். பேந்து ரெலிபோன் எடுத்து அழுறா. ரெயில் ஓடுதோ நிண்டிட்டுதோ தெரியேல்லையாம், உலகத்தில தான் மட்டும் மிஞ்சின மாதிரிக் கிடக்காம்.

— அதுதான் தம்பி வேணும்.

— அதுவோ வேணும்? சரி. ஆனா ஒண்டை மட்டும் இப்பவே சொல்லிப்போடுறன். பழைய யன்னல் தன்ரைபாட்டில மூச்சு விடும். புதுசு விடாது. காலமையும் பின்னேரமும் முழுசாத் திறந்து காத்தை மாத்தோணும். எங்கடை சனம் என்ன செய்யும்? குளிர் வருமெண்டு திறக்காது. குசினியில மிளகாய் பொரிச்சு, சோறு வடிச்சு, ஈர உடுப்பையும் உள்ளுக்கை காயப்போட்டு, சுவரெல்லாம் கறுப்பாப் பூஞ்சணம் பிடிச்ச பிறகு, ‘பிரகாசம் பூட்டின யன்னல் சரியில்லை’ எண்டு கோயில் வாசலில நிண்டு கதைக்கும்.

— நான் அந்த யன்னலைத் திறக்கமாட்டன்.

— நான் இவ்வளவு நேரமும் ஆரோடை கதைச்சனான்? பூஞ்சணம் பிடிக்குமெண்டுறன் அக்கா! வாற பொடியனுக்கு நெஞ்சில சளி கட்டும்.

— பிரகாசம், காரில சட்டத் துண்டுகள் வைச்சிருக்கிறனெண்டாய். எடுத்துக்கொண்டு வா, நிறம் பாப்பம்.

— வெள்ளையெண்டெல்லோ முதலே சொன்னனீங்கள்?

— எடுத்துக்கொண்டு வாவன்.

— ஓமோம், விளங்குது, விளங்குது. ஆறுதலா வாறன். ரெண்டு பேரும் கதைச்சு ஒரு முடிவுக்கு வாங்கோ.

— அவன் கீழை இறங்கிப் போட்டான். இப்ப சொல்லும். வெளியாளுக்கு முன்னாலை என்ன கூத்து இது?

— நீங்கள் முதல் சொல்லுங்கோ. அவன்ரை அறை மட்டும் ஏன் உங்களுக்கு வேண்டாம்?

— ஆளில்லாத அறைக்கு ஏன் வீண் செலவு?

— ஆள் வருவான்தானே.

— கதவைச் சாத்தும், குளிருது.

— வருவான்தானேயப்பா?

— அன்ரனிற்றா, அந்தக் கட்டிலில ஒருக்கா இரும்.

— நான் நிக்கிறன். சொல்லுங்கோ.

— அவன் வரமாட்டான். மார்கழியில நடேசன் பாரிஸிலயிருந்து ரெலிபோன் எடுத்தவன். கிளிநொச்சியில தண்ணி அள்ளிக்கொண்டு வாறனெண்டு வாளியோடை போனவனாம். வாளி மட்டும்தான் திரும்பி வந்ததாம். இயக்கத்துக்குப் போட்டான் பிள்ளை. கொறற்றி போய் அவங்கடை வாசலில விழுந்து கத்தியும் பிள்ளையைக் கண்ணிலயும் காட்டேல்லையாம். நான் எந்த வாயால உமக்குச் சொல்ல?

— வாளியைக் கொண்டுவந்தது பக்கத்துக் கொட்டிலில இருந்த பொடிச்சி.

— என்ன?

— அவள்தான் கொண்டுவந்து குடுத்தவள். வாளி நிறையத் தண்ணி இருந்ததாம். அதை ஊத்த மனமில்லாமல் கொறற்றி மச்சாள் அப்பிடியே மூடி வைச்சிருந்தவவாம். நத்தார்ப் பூசை முடிய வெரோனிக்கா என்னைப் பக்கத்தில கூப்பிட்டுச் சொன்னவ.

— நத்தாரிலயிருந்து உமக்குத் தெரியுமோ?

— ஓம்.

— தெரிஞ்சுகொண்டோ இந்தக் கட்டிலுக்கு விரிப்பு மாத்தினனீர்? தெரிஞ்சுகொண்டோ ரேப் ஒட்டினனீர்?

— நீங்களும் தெரிஞ்சுகொண்டுதானே அவனுக்குச் சப்பாத்து என்ன அளவா இருக்குமெண்டு என்னட்டைக் கேட்டனீங்கள்.

— உமக்கு ஆறுதலா இருக்குமெண்டு கேட்டனான்.

— நானும் உங்களுக்காகத்தான் விரிச்சனான்.

— எல்லாம் என்னால வந்தது. ஏஜென்சிக்காரன் சொன்னானெண்டு, அகதி விசாரணையில பிள்ளை இல்லையெண்டு சொன்னனே. ‘பிள்ளையை விட்டிட்டு வந்தனெண்டா, உயிருக்குப் பயந்து வந்தவனெண்டு உன்னை நம்பமாட்டாங்கள்’ எண்டான். என்ரை வாயால இல்லையெண்டு சொன்ன பிள்ளையை இருக்கெண்டு காட்ட, ரத்தம் எடுத்துக் குடுத்து, கோடு கச்சேரியெண்டு ஏறி இறங்கி நாலு வருசம் போட்டுது.

— நானும் பக்கத்திலயிருந்து தலையாட்டினனான்தானே.

— அண்டைக்கு ஓமெண்டு சொல்லியிருந்தா எப்பவோ வந்திருப்பான்.

— வந்திருப்பான். இஞ்சை பள்ளிக்குடம் போயிருப்பான். தங்கச்சி பிறின்சியோடை ரீவிக்குச் சண்டை பிடிச்சுக்கொண்டிருப்பான்.

— வைகாசியோடை பதினாறு. அதுக்குப் பிறகு இயக்கம் விட்டாலும் இந்த நாடு எடுக்காது.

— தெரியும்.

— ஒண்டும் செய்யேலாது அன்ரனிற்றா.

— ஏலாதுதான். நான் மன்றாடியும் பாத்திட்டன். இப்ப மன்றாட்டில அவன்ரை பேர் வந்தா வாய் தன்ரைபாட்டில நிண்டுபோகுது.

— அப்ப ஏன் இந்த யன்னல்? வராத பிள்ளைக்கு மூண்டு கண்ணாடி என்னத்துக்கு?

— அவனுக்கில்லை. பின்னேரத்தில நான்தான் இந்த அறையில இருக்கிறனான். பிறின்சி கீழை வீட்டுப்பாடம் செய்யேக்கை மேல வந்து, இந்தக் கட்டிலில இருந்து, தலையணையை வாயில வைச்சுக்கொண்டு அழுறனான்.

— எனக்கு ஒரு நாளும் கேக்கேல்லையே. உம்மடை சத்தம் வெளியில வராது, பயப்பிடாதையும். படியில பிரகாசம் ஏறி வாறான் போல, கண்ணைத் துடையும்.

— என்ரை சத்தம் இல்லையப்பா. வேலையால வந்து, சிகரெட் பத்தப் போறனெண்டு சொல்லிப்போட்டு, அந்த வெறும் புறாக்கூட்டோடை ஒட்டி நிண்டு நீங்கள் அழுறது ஒவ்வொரு நாளும் இந்த யன்னலாலதான் எனக்குக் கேக்குது.