காய்ச்சல் இல்லை என்று எழுதியவர்

நாங்கள் எல்லோரும் பாய்லர்காரர் என்றே கூப்பிடும், இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் முன்னாள் கடற்படையினர் சங்கத் தலைவர் அவர்களே! துறைமுக மருத்துவமனை ஊழியர்களே! என் தொழிற்சங்கத் தோழர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டாக்டரம்மாவின் மகளே, மருமகனே! அனைவருக்கும் என் வணக்கம்.

இந்த மேடையில் பேச இவனுக்கு என்ன தகுதி என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். நானும் அதையே நினைத்துக்கொண்டுதான் படியேறினேன். முப்பத்தோரு வருடங்களுக்கு முன், நம் துறைமுக சுகாதார அதிகாரி டாக்டரம்மா அவர்களின் வழியை மறித்து நின்ற கூட்டத்துக்குத் தலைவன் நான். அன்றைய சங்கச் செயலாளர். அங்கே நடந்ததை என் வாயால் சொல்லாமல் அவரை அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தத் துறைமுகத்தில் முன்னாள் கடற்படையினர் மூன்று முறை வந்து இறங்கியிருக்கிறார்கள். முதல் முறை, போர் முடிந்து வந்தவர்கள். அவர்களை வாத்தியம் வாசித்து வரவேற்றார்கள். நான் அப்போது பிறக்கவில்லை. இரண்டாம் முறை, ஓய்வு பெற்றவர்கள் பத்தும் பதினைந்துமாகப் பெட்டியோடு இறங்கி, வாடகைக்கு அறை தேடிப் போனார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் முறை வந்தவர்கள் இருநூற்றுப் பதினொரு பேர். அவர்கள் கால் இங்கே படவே கூடாது என்று ஊரே திரண்டு நின்றது.

ஏன் நின்றது? அதற்கு மூன்று வருடம் முன்பு நாம் வேலைநிறுத்தம் செய்தபோது, நம் கிரேன்களை ஓட்டக் கடற்படையைக் கொண்டுவந்தார்கள். கப்பல்கள் வந்து நிற்கும் ஏழாம் துறையில் அவர்களின் துப்பாக்கி வெடித்தது. இரண்டு தொழிலாளர்கள் செத்தார்கள். ஒருவர் என் அண்ணன்.

பிறகு அவர்கள் இருந்த கடற்படைத் தளத்தையே மூடினார்கள். சீருடையை வாங்கிக்கொண்டு, ஆட்களை ஒரு பழைய சரக்குக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இரண்டு துறைமுகங்கள் விரட்டிய பிறகு அந்தக் கப்பல் கரைக்கு எட்டாத தூரத்தில், நம் வெளித்துறையில் வந்து நங்கூரம் போட்டது. நாங்கள் நானூறு பேர் ஏழாம் துறையில் போய் நின்றோம். கப்பலிலிருந்து எறியும் கயிற்றை இங்கிருந்து பிடித்துக் கட்ட ஒரு கையும் நீளாது என்று முடிவு செய்தோம். நிர்வாகத்துக்கும் அவர்கள் வேண்டாதவர்கள்தான். நிர்வாகமும் சங்கமும் ஒரே பக்கம் நின்ற நாள் அது ஒன்றுதான்!

ஒரே ஒரு கையெழுத்து பாக்கி இருந்தது. கப்பலில் தொற்றுக் காய்ச்சல் இருக்கிறது என்று சுகாதார அதிகாரி எழுதிவிட்டால், கப்பல் திரும்பியாக வேண்டும். டாக்டரம்மா படகில் போனார். இருநூற்றுப் பதினொரு பேரின் நாக்கையும் நாடியையும் பார்த்துவிட்டு, மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். படிக்கட்டின் மேலே நான் நின்றேன். எனக்குப் பின்னால் கொக்கியும் கம்பியுமாக ஆட்கள்.

நான் சொன்னேன்: "டாக்டரம்மா, காய்ச்சல்னு ஒரு வார்த்தை எழுதுங்க. கப்பல் அதுபாட்டுக்குப் போயிடும்."

"அங்க யாருக்கும் காய்ச்சல் இல்லைப்பா. தண்ணிதான் இல்லை. இருக்குறது நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான் வரும்."

"என் அண்ணனைக் கொன்னவங்கம்மா அவங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. "உங்க அண்ணன் உடம்பைப் பரிசோதிச்சது நான்தான். கால் தவறி விழுந்து செத்தார்னு எழுதச் சொல்லி மூணு பேர் என் ரூம்ல உக்காந்திருந்தாங்க. குண்டு பட்டுச் செத்தார்னுதான் எழுதினேன். அன்னிக்கு அவங்களுக்காகப் பொய் எழுதலை. இன்னிக்கு உங்களுக்காக மட்டும் எப்படி எழுதுறது?"

அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் என் அண்ணிக்குத் துறைமுகக் கேன்டீனில் வேலை கிடைத்தது. அதை எத்தனை முறை மடித்து எடுத்துக்கொண்டு அலைந்திருப்பேன்! கீழே யாருடைய கையெழுத்து என்று ஒருமுறையாவது பார்த்தேனா? இல்லை.

நான் விலகினேன். ஆனால் மனம் மாறி விலகவில்லை, தோழர்களே. அந்தச் சான்றிதழுக்காக விலகினேன்.

அவர் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். கப்பல் மெல்ல உள்ளே வந்தது. மெல்லிய கயிறு பறந்து வந்து எங்கள் காலடியில் விழுந்தது. யாரும் குனியவில்லை. கயிறு நழுவித் தண்ணீரை நோக்கிப் போனது. ஐம்பத்திரண்டு வயது டாக்டரம்மா ஓடிப்போய் அதைப் பிடித்தார். பிடித்து இழுத்தார். அதன் நுனியில் கட்டியிருந்த பெரிய வடம் கடலில் நனைந்து யானைக் கனம் கனத்தது. காற்று கப்பலைத் தள்ள, கயிறு அவரை இழுத்தது. ஒரு எட்டு. இன்னொரு எட்டு. செருப்பு கழன்றது. துறையின் விளிம்புக்கு மூன்று அடிதான் இருந்தது. அவர் கயிற்றை விடவில்லை.

அப்போது நான் பாய்ந்து போனேன் என்று சொல்ல ஆசைதான். போகவில்லை. முதலில் போனவர் கிரேன் ஓட்டுநர் ஒருவர். வேலைநிறுத்தத்தில் என் அண்ணனோடு செத்த இன்னொரு தொழிலாளியின் மாமனார். அவர் பின்னால் மூன்று பேர். நான் ஐந்தாவது ஆள்.

வடத்தைக் கட்டினோம். அவர்கள் இறங்கினார்கள். சமையல்காரர்கள், இயந்திரத்துக்கு எண்ணெய் போடுகிறவர்கள், கரியும் புகையும் தின்ற பாய்லர்காரர்கள். நம் தலைவரும் அவர்களில் ஒருவர். துப்பாக்கியைத் தொட்டவர்கள் சிலரே. நம்மைக் கடந்து போகும்போது ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை. யாரும் கை ஓங்கவில்லை.

டாக்டரம்மாவுக்கு என்ன கிடைத்தது? கிடங்குகளில் எலி ஒழிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஆறு வருடம்! கேட்டால், "எலிங்க யாரும் என் மேல புகார் எழுதலை" என்பார். மாலையில் வந்து இந்த மனிதர்களின் நுரையீரலைப் பார்ப்பார். கூடவே நம் ஆட்களின் நுரையீரலையும். ஒரு நாள் கேட்டேன், என் அண்ணனைச் சுட்டவன் இவர்களில் இருக்கிறானா என்று. "கேட்டுக்கலைப்பா. கேட்டா ஊசி போடுறப்ப என் கை நடுங்கும்" என்றார். அதன் பிறகு நானும் கேட்கவில்லை.

அவரைப் போற்ற இந்த மண்டபம் நிறைந்திருக்கிறது. நல்லது. ஆனால் முந்தாநாளிலிருந்து வெளித்துறையில் ஒரு கப்பல் நிற்கிறதே, அதை யாரும் ஏன் பேசவில்லை? கலைக்கப்பட்ட வேறொரு நாட்டுக் கடற்படையின் ஆட்கள் அறுபத்து மூன்று பேர் அதில் இருக்கிறார்கள். நேற்று நம் சங்கம் கூடி, கயிறு பிடிப்பதில்லை என்று தீர்மானம் போட்டது. இன்று காலை, காய்ச்சல் என்று எழுதச் சொல்லி இரண்டு பேர் இப்போதைய சுகாதார அதிகாரியின் அறைக்குப் போனார்கள். அந்த டாக்டர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். போன இரண்டு பேரும் இங்கேதான் இருக்கிறார்கள். நான் பெயர் சொல்லமாட்டேன்.

டாக்டர் அவர்களே, பார்த்ததை எழுதுங்கள். உங்களை எந்தக் கிடங்குக்கு மாற்றினாலும் எங்கள் சங்கம் உங்களோடு நிற்கும் என்று வாக்குக் கொடுக்கத்தான் நினைத்தேன். ஆனால் சங்கம் என்ன செய்யும் என்று எனக்கு இப்போது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது என்னைப் பற்றி மட்டும்தான். எனக்கு வயது எழுபத்து நான்கு. இடது தோள் சரியாக வராது.

டாக்டர் கையெழுத்துப் போட்டால் நாலு மணிக்குக் கப்பல் உள்ளே வரும். இப்போது மூன்று பத்து. மன்னிக்க வேண்டும் தலைவர் அவர்களே, மலர் வைக்க நான் நிற்கப்போவதில்லை. கயிறு வந்து விழும் ஏழாம் துறைக்கு இங்கிருந்து நடந்தால் அரை மணி ஆகும். நான் கிளம்புகிறேன்.